நான் திருப்பி எறிந்த ஹோம் ரன்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனை பேஸ்பால் மைதானத்துக்குள் விடுவதென்றால் கையைக் கட்டித்தான் விட வேண்டும். அனுபவத்தில் சொல்கிறேன். டெக்சாஸில் எங்கள் ஆலன் நகரப் பக்கம் பேஸ்பால் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால், நேரில் பார்த்த ஹோம் ரன்களைப் பற்றிப் பேசிப் பேசி மாய்ந்துபோவார்கள். "அன்னைக்கு நான் அங்கேதான் இருந்தேன்" என்று சொல்லிக் கண்கலங்குகிறவர்களைக்கூடப் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு ஹோம் ரன் பார்த்தவன்தான். பார்த்தது மட்டுமில்லை, கையாலேயே பிடித்தவன். ஆனால் அந்தப் பேச்சு வந்தால் மட்டும், காலித் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நழுவிவிடுவேன்.

என் மகள் யாழினிக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளித் தோழி ஒருத்தியால் பேஸ்பால் பைத்தியம் பிடித்திருந்தது. மட்டையால் அடித்த பந்து வேலியைத் தாண்டிக் கூட்டத்துக்குள் விழுந்தால் ஹோம் ரன். அதைப் பிடிக்கிறவருக்கே பந்து சொந்தம். அப்படி ஒரு பந்து வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. மூன்று கோடைக்காலமாக, இடது கையில் தோல் கையுறையை மாட்டிக்கொண்டு வேலிக்குப் பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "கொஞ்ச நேரம் கழட்டு கண்ணு, வேர்க்குது பாரு" என்றால், "வாட் இஃப் இட் கம்ஸ் நௌ, அப்பா?" என்பாள். அவளுக்குத் தமிழ் எல்லாம் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும்.

எனக்கு பேஸ்பால் பிடித்ததா என்றால், இல்லை. (கிட்டிப்புள்ளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.) ஆனால் அந்த மூன்று மணி நேரமும் அவள் எனக்கு ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே வருவாள். வீட்டிலும் சரி, ஆபீஸிலும் சரி, யாரும் எனக்கு இவ்வளவு பொறுமையாக எதையும் விளக்கியதில்லை. அதனால் புரிந்ததைக்கூடப் புரியாத மாதிரி திரும்பக் கேட்பேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை மதியம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அணியின் சின்ன மைதானம். அந்த அணியில் நாற்பதை நெருங்கிய வீரர் ஒருவர், அந்த சீசனோடு ஓய்வு பெறப்போகிறார். முழங்காலில் கட்டுப்போட்டுக்கொண்டு நொண்டுகிற மனிதர். அவர் கடைசியாக ஒரு ஹோம் ரன் அடித்துவிட மாட்டாரா என்று ஊரே ஏங்கிக்கொண்டிருந்தது. அடித்தார். அதுவும் எங்களை நோக்கி.

பந்து மேலே போய், வெயிலில் ஒரு கணம் காணாமல் போய், நேராக யாழினியின் தலைக்கு வந்தது. அவள் எழுந்து நின்று, தோழி சொல்லிக்கொடுத்தபடியே கையுறையை விரித்துவிட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

கல்லூரி கிரிக்கெட் அணியில் நான் நிரந்தரப் பன்னிரண்டாவது ஆள். எல்லைக் கோட்டைத் தாண்டிய பந்தைப் பொறுக்கி, ஒரு விநாடி வீணாக்காமல் திருப்பி எறிவதுதான் என் மொத்த கிரிக்கெட் வாழ்க்கை. அந்த ஒரு வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை. (ஒரு தடவை அம்பயரே கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருக்கிறார்.)

"லீவ் இட்!" என்று கத்தியபடி, மகளின் கையுறைக்கு மேலே இரண்டு கைகளையும் நீட்டிப் பந்தைப் பிடித்துவிட்டேன். உள்ளங்கை எரிந்தது. கூட்டமே எழுந்து ஆரவாரம் செய்தது. பக்கத்து இருக்கைத் தொப்பிக்காரர் என் முதுகில் ஓங்கித் தட்டினார். பெரிய திரையில் என் முகம் தெரிந்தது. வாழ்க்கையில் நான் கதாநாயகனாக இருந்த மொத்த நேரம் அந்த நாலு விநாடிதான்.

ஐந்தாவது விநாடியில் கீழே பார்த்தேன். எதிரணி ஃபீல்டர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், பந்துக்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்தேன். எறிந்தேன். நேராக அவர் காலடியில் போய் விழுந்தது. இன்றைக்கும் சொல்வேன், அருமையான எறி.

ஆரவாரம் சட்டென்று நின்றது. அடுத்த நொடி மைதானம் முழுக்க "பூ..." என்று ஒரே ஊளை. எனக்குத் தெரியாத விஷயம் இதுதான்: இங்கே சில ரசிகர்கள் எதிரணிக்காரன் அடித்த ஹோம் ரன்னை மட்டும் திருப்பி எறிவார்கள். 'உன் அடியும் வேண்டாம், உன் பந்தும் வேண்டாம்' என்று அவமானப்படுத்துவதற்கு. நானோ ஊரே கொண்டாடுகிற மனிதரின் கடைசி ஹோம் ரன்னை எறிந்துவிட்டேன். அவர் நொண்டி நொண்டி ஓடிக்கொண்டே எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"வை, மேன்? ஹீ இஸ் அவர்ஸ்!" என்றார் தொப்பிக்காரர், அழாத குறையாக.

"ஏனுங்க, கைக்கு வந்ததைய எதுக்குங்க எறிஞ்சீங்க?" என்றாள் அன்று எங்களோடு வந்திருந்த என் மனைவி சுமதி.

"ஆட்டம் நடக்க வேண்டாமா?"

"ஏனுங்க, இத்தன பெரிய கிரவுண்டுல வேற பந்தே இருக்காதுங்களா?"

யாழினியோ, விரித்த கையுறையை இன்னும் மூடாமல், அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். 

ஃபீல்டர் பந்தை எடுத்து, சிரித்துக்கொண்டே அந்தப் பக்கக் கூட்டத்துக்குள் போட்டார். நாச்சோஸ் தட்டோடு நின்ற ஒரு வயதான அம்மாள் அதைப் பிடித்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். நான் மைதானத்தைச் சுற்றி ஓடி, மூச்சு வாங்க அவர் முன்னால் போய் நின்று நடந்ததைச் சொன்னேன். அவர் கைப்பையை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டார். "சாரி, ஹனி. நாற்பது வருஷமாக இதற்காகத்தான் வந்துகொண்டிருக்கிறேன்" என்றார். அவர் கண் நிறைந்திருந்தது. 

வெறுங்கையோடு திரும்பி வந்து மகளிடம் சொன்னேன்.

"ஃபார்ட்டி இயர்ஸ்?" கையுறையை மெல்ல மூடினாள். "தென் இட்ஸ் ஹெர்ஸ், அப்பா."

அழுது தொலைத்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அன்றிலிருந்து எங்கள் வட்டாரத்தில் என் கையில் யாரும் எதையும் நம்பிக் கொடுப்பதில்லை. பக்கத்து ஊரான காப்பெலில் ஒரு நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், பிறந்து இரண்டு மாதமான குழந்தையை நான் வாங்கப் போனபோது சுமதி குறுக்கே வந்தாள். "அவருகிட்டக் குடுக்காதீங்க, யாராச்சும் கீழ நின்னா திருப்பி எறிஞ்சிருவாரு." வீடே சிரித்தது. குழந்தையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு கோடையும் நானும் யாழினியும் போனோம். ஒரு பந்துகூட எங்கள் பக்கம் வரவில்லை. அவள் கையுறையின் அளவு மாறியது. பிறகு கல்லூரி. இப்போது கலிபோர்னியாவில் வேலை. போன மாதம் ஒரு வாரம் வந்து, தன் அறையைக் காலி செய்துவிட்டுப் போனாள். ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்து பார்த்தால், சாப்பாட்டு மேஜை மேல் அந்தப் பழைய சின்னக் கையுறை.

உடனே போன் செய்தேன். "மறந்து வெச்சுட்டுப் போயிட்ட கண்ணு. நாளைக்கே அனுப்பி வெச்சிரட்டுமா?"

 வருஷக்கணக்கில் அவள் வாயால் நான் கேட்டிராத தமிழில் சொன்னாள். "மறக்கலப்பா. இதையாவது திருப்பி எறியாதீங்க. வெச்சுக்கோங்க."

போன ஞாயிறு சுமதியோடு அதே மைதானத்துக்குப் போனேன். அந்தக் கையுறைக்குள் எனக்கு மூன்று விரல்தான் நுழைகிறது. ஆட்டத்தை விளக்கிச் சொல்ல ஆளில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

"அதையக் கழட்டுங்க, வேர்க்குது பாருங்க" என்றாள் சுமதி.

"இப்ப வந்துருச்சுன்னா?" என்றேன்.