சரோஜாவைவிட நல்ல முடிவுரை

என் தோழி நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் எப்போதும் நினைத்திருக்கிறேன். என்னைவிடக் கொஞ்சம் குறைவாக நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அறுபதுகளின் தொடக்கம். பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் சரோஜா குடும்பத்துக்கு முன்னறை, எங்களுக்குப் பின்னறை. (ஜன்னல் அவர்களுக்குத்தான். பொறாமை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.) பள்ளி முடித்து இருவரும் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தோம். ஏன் ஆசிரியராக விரும்புகிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும்.

சரோஜா தன் கடைசிப் பத்தியை என் அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். "என் அம்மா இன்னும் கைநாட்டுத்தான். முதலில் அவருக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுப்பேன், பிறகுதான் மற்றப் பிள்ளைகளுக்கு." அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பிறந்தபோதுகூட அந்த மனிதர் அழுததாகத் தகவல் இல்லை.

"நீ எப்படிம்மா முடிச்சிருக்கே?" என்றார்.

நான் 'நன்றி' என்று முடித்திருந்தேன்.

விண்ணப்பம் கொடுக்கும் கடைசி நாளன்று, சிராங்கூன் ரோட்டு நடைபாதையில் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்து ஊராருக்கு மனு அடித்துத் தருபவரிடம் ஓடினேன்.

"அண்ணே, கடைசிப் பத்தி மட்டும் வேணும். படிக்கிறவங்க அழணும்."

"அழ வைக்கிறதுதானம்மா என் தொழிலே!"

என் தாளின் அடியில் தடதடவென்று அடித்து, உறையில் போட்டு ஒட்டியும்விட்டார்.

"நான் படிச்சுப் பாக்கலையே?"

"நேரமாச்சு, ஓடு லா!"

நேர்காணலில் மூன்று பேர். நடுவில் கண்ணாடி அணிந்த ஒரு சீன அம்மையார். தாளைப் பார்த்தார். என் இரட்டைச் சடையைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"மிஸ் மீனாட்சி, உங்கள் மனைவி நலமா?"

"யெஸ், மேடம்" என்றேன். (பதற்றத்தில் காதில் சரியாக விழாத எல்லா ஆங்கிலத்துக்கும் அப்போது அதுதான் பதில்.)

"ஐந்து குழந்தைகளும்?"

தாளை என் பக்கம் திருப்பினார். தாங்கள் கருணை காட்டினால் நானும், நோயாளியான என் மனைவியும், பட்டினி கிடக்கும் ஐந்து குழந்தைகளும் தங்கள் நீண்ட ஆயுளுக்காக என்றென்றும் பிரார்த்திப்போம் என்றிருந்தது. லாரி லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களுக்கு அந்த நடைபாதை அண்ணன் வழக்கமாக அடித்துத் தரும் முடிவு!

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "சரோஜாவுக்குக் கிடைத்து எனக்குக் கிடைக்காவிட்டால் அந்த வீட்டில் என்னால் இருக்க முடியாது, மேடம். அங்கே ஜன்னல்கூட அவளுடையதுதான்."

ஓரத்திலிருந்த வெள்ளைக்காரர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.

இருவருக்கும் இடம் கிடைத்தது. அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். சந்தோஷத்தில் சரோஜாவிடம் சொல்லித் தொலைத்தேன். என் கல்யாணப் பந்தியில், அத்தனை பேர் முன்னாலும் அவள் சொன்னாள்: "மாப்பிள்ளை, நீங்க ரெண்டாந்தாரம். மூத்த சம்சாரம் சீக்காளி, பாத்து நடந்துக்குங்க."

இன்று என் பேரப்பிள்ளைகளும் இந்தக் கதையைக் கேட்க அவளிடம்தான் ஓடுகிறார்கள். நான் சொன்னால் இழுக்கிறேனாம். முடிக்கவே தெரியவில்லையாம்.