ஸ்பானர் அண்ணனும் துரையின் ரேஸ் காரும்

பழுது பார்க்கத் தெரியாத மெக்கானிக்குகள் மலாயாவின் பேராக் மாநிலத்தில் எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் சக்கரவர்த்தி எங்கள் ஸ்பானர் அண்ணன்.

அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருந்ததா என்பது சந்தேகம். இடுப்பு பெல்ட்டில் எந்நேரமும் ஒரு ஸ்பானர் தொங்கும். மாரியம்மனுக்குத் தீபாராதனை காட்டும்போதும் அது தொங்கிக்கொண்டுதான் இருக்கும். அதை வைத்து அவர் ஒரு நட்டை முடுக்கி நான் பார்த்ததில்லை. முதுகு சொறிந்து பார்த்திருக்கிறேன்.

பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். நான் ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. ஸ்பானர் அண்ணன் வெள்ளைக்காரத் துரைக்கு டிரைவர். ஜப்பான்காரர்கள் வருகிறார்கள் என்றதும் துரை சிங்கப்பூர்ப் பக்கம் ஓடினார். உயிருக்குப் பயந்து ஓடிய மனிதர் தன் ரேஸ் காரை விட்டுவிட்டு லாரியில் தொற்றிக்கொண்டு போனார் என்றால், அந்தக் காரின் யோக்கியதையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீள மூக்கு, இரண்டே இருக்கை, ஒரு காலத்தில் சிவப்பு நிறம். கூரை எப்போதோ மடங்கியது, பிறகு விரியவே இல்லை. தரைத் தகட்டின் ஓட்டை வழியாகச் சாலையை ரசித்துக்கொண்டே போகலாம். கார் போனால்.

துரை ஓடிய மறுநாளே அண்ணன் காரைச் சுற்றி வர ஆரம்பித்துவிட்டார்.

"கிராணி, இங்க வாலா! பின்னால ஒரு கரி அடுப்பு வைக்கிறோம். அந்தப் புகையில இஞ்சின் ஓடும். அதே அடுப்புல மரவள்ளிக்கிழங்கு சுட்டுக்கலாம். ஈப்போ போய்ச் சேர்றதுக்குள்ள பசியாறிரலாம்."

"அண்ணே, சக்கரத்துல டயரே இல்லையே."

"தோட்டம் பூரா ரப்பரு, இவரு டயருக்கு அழுவுறாரு! ரப்பர் ஷீட்டச் சுத்தி, உள்ள லாலான் புல்ல அடைச்சா முடிஞ்சிச்சி. பஞ்சரே ஆவாது. புல்லு எங்கயாச்சும் பஞ்சராயிப் பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை.

அடுத்த வாரம் அண்ணன் பேச்சில் அது நடமாடும் முடிவெட்டும் கடை ஆயிற்று. அதற்கடுத்த வாரம் பின்சக்கரத்தில் பெல்ட் மாட்டிக் கிழங்கு அரைக்கும் மில். அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே வார்த்தைதான் சொல்வார்: "மொதல்ல நம்ம வூட்டுக் கதவுக்கு ஒரு கொண்டி போடுங்க."

சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்கு ஜப்பான்காரர்களின் லாரி வந்ததும் சிரிப்பு நின்றது. ஓடுகிற கார் என்றால் ஜப்பான்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஓடாத கார் என்றால் உடைத்து இரும்புக்கு அள்ளிப்போவார்கள். மனிதர்கள் கதையும் அப்படித்தான். வேலையில்லாமல் நிற்கிறவனை லாரியில் ஏற்றி, ரயில் பாதை போடச் சயாமுக்கு அனுப்பினார்கள். போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. பால்மரம் வெட்டி ரப்பர் எடுப்பது நின்றுபோன தோட்டத்தில் கிராணிக்கு என்ன வேலை? என்னைவிட அங்கே புல்பூண்டுகள் சுறுசுறுப்பாக இருந்தன.

எங்கள் வட்டாரத்துக்கு வந்த ஜப்பானிய அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் கொக்கு. நீண்ட கழுத்து. ஈயம் தோண்டிக் கைவிட்ட லம்பத்துக் குட்டைகளின் கரையில் தூண்டிலோடு அசையாமல் நிற்பார். ஒருநாள் அவர் எங்களை வரிசையில் நிறுத்தினார். முதலில் காரைப் பார்த்து, உடைக்கச் சொல்லிக் கையசைத்தார்.

ஸ்பானர் அண்ணன் பாய்ந்து வந்து மூக்கு மண்ணில் படுமளவுக்குக் குனிந்தார். அரைகுறை மலாயும் கைகால் அசைவும் வாயால் இஞ்சின் சத்தமுமாகக் கரி அடுப்புத் திட்டத்தை அப்படியே நடித்துக் காட்டினார். கொக்கின் கழுத்து சாய்ந்தது.

"பிலா சியாப்?" எப்போது தயாராகும் என்று கேட்டார்.

"அடுத்த மாசம், துவான்!"

பிறகு கொக்கின் விரல் என் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது. என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார்.

"இவன் இல்லாட்டி இந்தக் காரே இல்ல, துவான்! மெக்கானிக்கு! கெலாஸ் சத்து!" என்று அண்ணன் கத்தினார்.

முதல் தர மெக்கானிக்காகிய நான் அதற்கு முந்தின வாரம்தான் நின்றுகொண்டிருந்த சைக்கிளிலிருந்து விழுந்திருந்தேன். விரல் என்னைத் தாண்டிப் போயிற்று. அன்று லாரி காலியாகத் திரும்பவில்லை. அதில் நான் இல்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து கொக்கு வரும்போதெல்லாம் ஒரு புதுத் திட்டம் தயாராக இருக்கும். எந்தத் திட்டமானாலும் அதற்கு இரண்டு ஆள் கட்டாயம் தேவைப்படும்.

"நட்டு எது, போல்ட்டு எதுன்னு தெரியாட்டியும் பரவால்ல தம்பி. கையில கிரீஸ பூசிக்கிட்டு மூஞ்ச கடுகடுன்னு வச்சிக்க. மெக்கானிக்குன்னா அவ்வளவுதான்."

நானும் அப்படியே நின்றேன். ஆனால் எத்தனை நாள் கிரீஸ் பூசிக்கொண்டு சும்மா நிற்பது? எனக்கும் ரோஷம் வந்தது. ரப்பரைக் காய்ச்சி வடித்தால் பெட்ரோல் மாதிரி எண்ணெய் இறங்கும் என்று அண்ணன் ஒரு திட்டம் சொல்லியிருந்தார். நான் அதை நம்பித் தொலைத்தேன். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்துக்குப் பின்னால் டிரம் வைத்து ரப்பர்க் கழிவை வேகவைத்தேன். நாற்றம் தாங்காமல் எங்கள் நாய்கள் பக்கத்துத் தோட்டத்துக்குக் குடிபோய்விட்டன. அண்ணனுக்கோ ஒரே குஷி. "நல்லாக் காய்ச்சுலா! பாக்குறவனுக்கு மும்முரமா வேல நடக்குற மாதிரி இருக்கும்."

கொக்கு வந்த அன்று, அந்த எண்ணெயை ஊற்றிவிட்டு, பாவனைக்காக முன்னால் போய்க் கைப்பிடியைச் சுற்றினேன். கார் இருமியது. உதறியது. பிறகு புலி மாதிரி ஓர் உறுமல்! கோழிகள் கூரையேறின. கொக்கு கைதட்டினார். நானும் கச்சேரி முடித்த பாகவதர் போல நாலா பக்கமும் கும்பிட்டேன்.

ஸ்பானர் அண்ணன் உதடு அசையாமல் என் காதருகே சொன்னார்: "பாவி, எதுக்குடா ஓட வெச்ச?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டயர் மாட்டி, கார் நாளைக்கே ஈப்போவுக்குப் போகும் என்று கொக்கு சைகை காட்டினார். பிறகு, வேலை முடிந்துபோன எங்கள் இருவரையும் பார்த்தார். லாரியைப் பார்த்தார். "சயாம்" என்றார்.

அண்ணன் அந்த லாரியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கொக்கின் தூண்டிலைப் பார்த்தார்.

"துவான், தரையில கழுதகூட ஓடும்! இந்தக் கார் தண்ணியில ஓடணும்!"

ஒரு குச்சியை எடுத்து மண்ணில் குட்டையை வரைந்தார். குட்டை நடுவில் கார். இரண்டு பக்கமும் மிதப்புக்குப் பலகை. பின்சக்கரத்தில் துடுப்பு. முன் இருக்கையில் தூண்டிலோடு கொக்கு. "பெரிய மீனெல்லாம் கரைக்கு வராது, துவான். நடுவுலதான் கெடக்கும்."

கொக்கு குந்தி உட்கார்ந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இஞ்சின்கூடப் பயந்துபோய், ஒருமுறை விக்கி, நின்றுவிட்டது. கொக்கு மெல்ல அண்ணனின் கையிலிருந்து குச்சியை வாங்கினார். படத்தில் தன் தலைக்கு மேலே ஒரு குடை வரைந்தார். இருக்கைக்குப் பின்னால், மீன் போட ஒரு வாளி.

"பிலா சியாப்?"

"ரொம்ப வேல இருக்கு, துவான். ரெண்டு ஆள் வேணும்."

ஜப்பான் சரணடையும்வரை நாங்கள் பலகை இழைத்தோம். கொக்கு வரும்போதெல்லாம் தேத்தண்ணீர் வைக்க ஒரு தட்டு, செருப்புக்கு ஒரு பெட்டி என்று ஏதாவது சேர்த்துவிட்டுப் போவார். தண்ணீரில் விட்டிருந்தால் அது அம்மி மாதிரி நேரே அடிக்குப் போயிருக்கும்.

யுத்தம் முடிந்து வந்த புதுத் துரை, இரண்டு பக்கமும் மிதப்புப் பலகைக் காதும் குடைக் கம்புமாக நின்ற காரைப் பார்த்து, யார் வேலை இது என்று உறுமினார். "மெக்கானிக்கு இவருதான், துரை" என்று ஸ்பானர் அண்ணன் என்னைக் காட்டினார்.

பழைய இரும்பு வாங்கும் தவுக்கே, அதாவது சீன முதலாளி, காரை ஏற்றிக்கொண்டு போனபோது, அண்ணன் கேட்வரைக்கும் லாரியோடு கூடவே நடந்தார். "தவுக்கே, ஒடைச்சிராதீங்க. நடுவுல அறுத்தா ரெண்டு படகு ஆவும்!"

நான் உயிரோடு ஈப்போவுக்கு வந்து, கல்யாணம் கட்டி, பிள்ளைகள் பெற்றேன். இப்போது பேரப்பிள்ளைகள் போடும் கூச்சலில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பட்டாளம் முழுவதும் அந்த ஓட்டைக் காரில்தான் ஏறி வந்து சேர்ந்தது. ஓட்டி வந்தவர் ஸ்பானர் அண்ணன்.