உயிரோடு இருந்தவனுக்குச் சாம்பிராணி போட்ட கதை

பக்தி ஜாஸ்தியாக இருக்கிற ஆளிடம் ஒரு படத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கச் சொன்னால், அவனால் இருக்க முடியாது. கை தானாகச் சந்தனத்தைத் தேடும். யாரையோ குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். என்னைத்தான் சொல்கிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் படத்துக்குக் கண்ணாடி போடும் கடை வைத்திருக்கிறேன். படிப்பு ஒன்பதாவதோடு சரி. காலையில் கடை திறந்ததும் அங்கே இருக்கிற எல்லாச் சாமிக்கும் பொட்டு வைத்து, விளக்கேற்றி, சாம்பிராணி போட்ட பிறகுதான் சுத்தியலைத் தொடுவேன். என் கடைக்கு வருவது இரண்டே வகைப் படம். ஒன்று சாமி படம், இன்னொன்று செத்தவர் படம். (கல்யாணப் படம் எப்போதாவது வரும். அதை வாங்க ஆள் வர வருஷமாகும். அதற்குள் அந்த ஜோடிக்குள் பேச்சு வார்த்தை நின்றிருக்கும்.)

இது நடந்தது 2012இல். அதற்கு முந்தைய டிசம்பரில் அடித்த புயல் கடலூரைத் துவைத்துப் போட்டிருந்தது. மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி இருந்த மரங்களெல்லாம் தலை முறிந்து வெறும் கம்பமாக நின்றன. இருட்டினால் யாரோ வரிசையாக நின்று ஆட்டம் பார்க்கிற மாதிரியே இருக்கும். போதாக்குறைக்குக் கரண்ட் வேறு. இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம்தான் ஜாஸ்தி.

குணா என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி. எங்கள் பக்கத்து ஃபுட்பால் டீமில் பத்தாம் நம்பர் மஞ்சள் பனியன் அவனுடையது. டீமே அவன் காலில்தான் ஓடியது. பந்து அவனிடம் வந்தால் மைதானம் மூச்சை நிறுத்தும். அவன் அதை யாருக்குத் தட்டிவிடப் போகிறான் என்று தட்டிவிட்ட பிறகுதான் தெரியும். பரங்கிப்பேட்டையிலிருந்து எதிர் டீமுக்குக் கத்த வருகிறவர்கள்கூட அவன் பந்தை எடுத்தால் கத்துவதை மறந்து பார்ப்பார்கள்.

அந்தக் குணாவுக்கு என் மனைவி செல்வியின் தங்கை தேன்மொழியைப் பேசி முடிப்பது என்று நான் இறங்கினேன். பெண்ணுக்கும் சம்மதம், பையனுக்கும் சம்மதம். சிதம்பரத்தில் நெல் வியாபாரம் செய்யும் என் மாமனாருக்கு மட்டும் இல்லை.

"முப்பது வயசுல டவுசர் போட்டுகினு பந்து பின்னால ஓடறவனுக்கு எப்படி மாப்ளே பொண்ணு குடுக்கிறது? காலு ஒடிஞ்சா யாரு பாக்கிறது? ஆட்டத்த நிறுத்தச் சொல்லுங்க. அப்புறமா வந்து வீடு பாக்கிறோம்."

குணாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். "சரிண்ணே, வுட்டுடறேன். ஆனா இதுக்காகத்தான் வுட்டேன்னு யாருக்கும் சொல்லாத. தேனுவத் திட்டுவானுங்க" என்றான்.

மறுநாள் பிராக்டீஸ் முடிந்ததும், இனிமேல் ஆட மாட்டேன் என்று டீமில் சொல்லிவிட்டான். காரணம் சொல்லவில்லை.

அதற்கப்புறம் மஞ்சக்குப்பம் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஆட்டோ ஓட்டும் லாரன்ஸ், குணாவின் முதல் ரசிகன், ஆட்டோவைத் திருப்பி நிறுத்திவிட்டுச் சவரம் செய்யாமல் உட்கார்ந்துவிட்டான். ஒருத்தர் முட்டிக்குத் தடவ எண்ணெய் கொண்டுவந்தார். எவனோ செய்வினை வைத்துவிட்டான் என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. (செய்வினை வைத்தது என் மாமனார். எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்தது நான். ஆனாலும் அவர்களோடு உட்கார்ந்து "யாரு வெச்சானோ பாவி" என்று நானும் தலையில் கை வைத்துக்கொண்டேன்.)

ஞாயிற்றுக்கிழமை காலை மாமனாரும் அத்தையும் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. இது ரசிகர்களுக்குத் தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்தில் குணாவை வழியனுப்பும் கூட்டம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். குணா வர மறுத்துவிட்டான்.

"நான் வந்தா எல்லாம் அழுவானுங்க. நானும் அழுதுடுவேன். எனக்கு முடி வெட்டிக்கணும், நான் சலூனுக்குப் போறேன்."

லாரன்ஸ் என் கடைக்கு வந்தான். "மாமா, ஆளு வரலன்னா போட்டும். படமாவது வரட்டும். பெருசா ஒண்ணு போட்டுக் குடு மாமா."

பெண் வீட்டுக்கு அனுப்புவதற்காகக் குணா பத்தாம் நம்பர் பனியனோடு எடுத்துக்கொண்ட போட்டோ என்னிடம் இருந்தது. அதையே பெரிதாக்கி, கடையில் தயாராக இருந்த கறுப்புச் சட்டத்தில் போட்டேன். அந்தச் சட்டம் எதற்காகத் தயாராக இருக்கும் சட்டம் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அத்தோடு கொடுக்கிற சந்தனச் சீவல் மாலையும் பெட்டியில் இருந்தது. படம் மொட்டையாக இருக்கிறதே என்று அதையும் போட்டேன். நெற்றியில் ஒரு பொட்டு வைத்தேன்.

மைதானத்தில் கோல் கம்பத்துக்கு முன்னால் நாற்காலி போட்டுப் படத்தை வைத்தோம். லாரன்ஸ் குணாவின் பூட்ஸைக் கொண்டுவந்து படத்தின் கீழே வைத்தான். பனியனை மடித்துப் பக்கத்தில் வைத்தான். கரண்ட் போயிற்று. வெளிச்சம் வேண்டுமே என்று காமாட்சி விளக்கை ஏற்றினேன். கொசு வந்தது. கொசுவுக்காகச் சாம்பிராணி போட்டேன். (சத்தியமாகக் கொசுவுக்காகத்தான்.) அவன் ஆசையாகச் சாப்பிடுவானே என்று யாரோ பரோட்டா வாங்கி வந்தார்கள். நான் அதை வாழை இலையில் வைத்து, சோடாவையும் உடைத்து வைத்து, சுற்றித் தண்ணீர் தெளித்தேன். சாமிக்குப் படைக்கிறோம், செத்தவருக்குப் படைக்கிறோம், உயிரோடு இருக்கிறவன் மட்டும் என்ன பாவம் செய்தான் என்று தோன்றியது.

பிறகு, கோல் விழுந்தால் அடிக்கிற மேளத்தை ஒருத்தர் மெதுவாக, விட்டு விட்டு அடித்தார். கடல் காற்று சுத்தமாக நின்றிருந்தது. தலையில்லாத மரங்கள் சுற்றி நின்று பார்த்தன. விளக்குச் சுடர் ஆடவே இல்லை. அந்த வெளிச்சத்தில் குணா படத்திலிருந்து எங்களை ஒவ்வொருத்தராகப் பார்க்கிற மாதிரி இருந்தது. அப்போது மைதானத்தின் நடுவில் கிடந்த பந்து, காற்றே இல்லாமல், கொஞ்சம் உருண்டு நின்றது.

"மாமா," லாரன்ஸ் என் கையைப் பிடித்தான். "அவன் இங்கதான் இருக்கான் மாமா."

"வாய மூடுறா" என்றேன். ஆனால் மேலெல்லாம் முடி சிலிர்த்துவிட்டது. அவன் சலூனில் இருக்கிறான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துமே பயம் வந்தது. பயத்தில் இன்னும் ஒரு கை சாம்பிராணி அள்ளிப் போட்டேன். லாரன்ஸ் சத்தம் போட்டு அழ ஆரம்பித்தான். அவனைப் பார்த்து எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன்.

என் கை மேல் இன்னொரு கை பட்டது. நிமிர்ந்தேன். மாமனார்! பேசாமல் என் இரண்டு கையையும் சேர்த்துத் தொட்டுவிட்டுத் தலை குனிந்து ஒதுங்கி நின்றார். பக்கத்தில் அத்தை, ஒரு கையில் பூப்பை, ஒரு கையில் பழப்பை.

ஞாயிறு நாள் சரியில்லை என்று யாரோ சொன்னதால் சனிக்கிழமையே கிளம்பிவிட்டார்களாம். எனக்குப் போன் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். என் போனில் சார்ஜ் இல்லை. ஆனால் அதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நிமிஷத்தில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். வந்ததும் வாயைத் திறக்காமல் கையைத் தொட்டுவிட்டு ஒதுங்கி நின்றால், அது சாவு வீட்டில் துக்கம் கேட்கிற முறை. நான் படத்தைத் திரும்பிப் பார்த்தேன். கறுப்புச் சட்டம், மாலை, விளக்கு, படையல். கடவுளே, நான் என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன்!

"மாமா, இது வந்து..." என்று ஆரம்பிப்பதற்குள் அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"பூ வெச்சிப் பேச வந்தேனே, புகையில நிக்கிறியே ராசா!"

அவ்வளவுதான். அழுகையை அடக்கி வைத்திருந்த மிச்சம் பேரும் உடைந்து போனார்கள். என் வாய் அசைகிறதே தவிர, நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. மாமனார் மட்டும் அழவில்லை. படத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"மாப்ளே," என்றார் காதோரம். "இந்தப் புள்ளதான் எங்களைக் கூட்டியாந்திச்சி."

"என்ன மாமா சொல்றீங்க?"

"டவுன் பஸ்ஸ விட்டு எறங்குனோம். ஒரே இருட்டு. உங்க புது வீடு தெரியல. முன்னால ஒருத்தர் போனாரு. கண்ணாடிக் கடைக்காரரு வீடு எங்கன்னு கேட்டேன். பேசல. கைய மட்டும் காட்டிட்டு முன்னால நடந்தாரு. மஞ்ச பனியன், முதுகுல பத்து. இங்க வந்து பாத்தா ஆளக் காணோம்."

மஞ்சள் பனியன் மடித்தது மடித்தபடி படத்தின் பக்கத்தில் இருந்தது.

அதே நேரத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து, இருட்டுக்குள்ளிருந்து, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் ஓர் உருவம் வந்தது. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுப்பு. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை, வெறும் புகை. அது படத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மேலே ஒரு குணா, கீழே ஒரு குணா.

மேளம் நின்றது. அத்தையின் அழுகை பாதியில் அறுந்தது. லாரன்ஸ் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டான்.

உருவம் மாமனாரைப் பார்த்துச் சிரித்தது.

"என்ன மாமா, நீங்க நாளைக்குத்தான வரணும்?"

மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கும்பிட்டார். "தம்பி, நீ எங்க இருந்தாலும் நல்லாரு. வழி காட்டுனதுக்குக் கோடி புண்ணியம். எங்கள வுட்டுடு."

சலூன்காரர் கரண்ட் இல்லாத கோபத்தில் அரை டப்பா பவுடரை அவன் முகத்தில் கொட்டியிருக்கிறார். வீட்டுக்குத் திரும்புகிறவன் அழுகைச் சத்தம் கேட்டு இந்தப் பக்கம் வந்திருக்கிறான். எனக்கு அது புரிந்துவிட்டது. "மாமா, அவன் குணாதான் மாமா! உயிரோடதான் இருக்கான்! இது வழியனுப்புற கூட்டம். உங்களுக்காக ஆட்டத்த நிறுத்திட்டான், அதுக்குத்தான் இதெல்லாம்!" என்று கத்தினேன். ரகசியம் மொத்தமும் கூட்டத்தின் நடுவில் கொட்டிவிட்டது.

மாமனார் நம்பவில்லை. "காலு எங்க?" என்றார். "அதுக்குக் கால் இருந்தா காட்டச் சொல்லுங்க."

குணாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் வேட்டியைத் தூக்கி, புகையிலிருந்து வலது காலை எடுத்து, நாற்காலி விளிம்பில், விளக்குக்கு நேராக வைத்தான். நகம் செத்துக் கறுத்த பெருவிரல். உடைந்து கோணலாகச் சேர்ந்த நடுவிரல். கணுக்காலில் தழும்பு மேல் தழும்பு. மாமனார் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். சூடு இருந்தது. இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

குணா பதறிப்போனான். "ஐயோ மாமா, பெரியவங்க நீங்க, கால வுடுங்க! பாவம் வந்துடும்!"

கால் கிடைத்தது, ஆனால் சம்பந்தம் கிடைக்குமா என்று தெரியவில்லை. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மால போட்ட படத்தப் பாத்துட்டு எப்படிப் பொண்ணக் குடுக்கிறது?" என்று சொல்லிவிட்டார்கள். மாமனார் என்னைப் பார்த்து, "உங்களுக்கு வேற சட்டமே கெடைக்கலியா மாப்ளே?" என்றார். இருவரும் கடைசிப் பஸ்ஸைப் பிடித்துச் சிதம்பரம் போய்விட்டார்கள். செல்வி என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். சோறு போடுவாள், தட்டுச் சத்தத்தில் திட்டுவாள். எனக்குச் சட்டம் அடிக்கவே கை வரவில்லை. என் தம்பியின் வாழ்க்கையை என் கையாலேயே மாலை போட்டு முடித்துவிட்டேன் என்று சாமி முன்னால் விழுந்து கிடந்தேன்.

லாரன்ஸும் ஆட்களும் குணாவிடம் போய், "பொண்ணும் வர்றதாக் காணோம், நீ திரும்ப ஆடவாவது வா" என்று கெஞ்சினார்கள். அவன் மறுத்துவிட்டான்.

"நான் செத்தா யாரு யாரு எப்படி அழுவாங்கன்னு பாத்துட்டேண்ணே," என்றான் என்னிடம். "எந்த ஆட்டக்காரனுக்கு இது கெடைக்கும்? போதும்."

நல்ல வேளை, மாமனாருக்கும் என்னைப் போலவே பக்தி ஜாஸ்தி. நடராசர் சன்னதியில் குணா பேருக்கு அர்ச்சனை செய்து, வீட்டில் உட்கார்ந்து ரொம்ப யோசித்திருக்கிறார். பிறகு போன் வந்தது.

"மாப்ளே, உயிரோட இருக்கிறவனுக்குச் செத்த காரியம் பண்ணிட்டா அவன் கண்டம் கழிஞ்சிதுன்னு அர்த்தம். இனிமே தொண்ணூறு வயசு வரைக்கும் அவனுக்கு ஒண்ணும் ஆவாது. தேனுவ அவனுக்கே குடுக்கிறோம். ஆனா கல்யாணத்துல போட்டோ வேல எதையும் நீங்க தொடக் கூடாது."

தொடவில்லை. கல்யாணம் நன்றாக நடந்தது. பந்தலில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவும்போது மாமனார் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். லாரன்ஸ், "இன்னும் செக் பண்றாரு மாமா" என்று கத்த, பந்தலே சிரித்தது.

அந்த மஞ்சள் பனியன் ஆள் யார் என்று மஞ்சக்குப்பம் முழுக்க விசாரித்துப் பார்த்தேன். அந்தச் சாயங்காலம் யாரும் அப்படி வரவில்லை என்கிறார்கள். நம்பர் பத்து பனியன் டீமில் ஒன்றுதான்.

இன்றைக்கும் குணா குடும்பத்தோடு சிதம்பரம் போனால் வாசலிலேயே நிறுத்தி, "காலக் காட்டுங்க மாப்ளே" என்பார் மாமனார். அவன் செருப்பைக் கழற்றிக் காட்டுவான். பிள்ளைகள் எல்லாம் வரிசையாக நின்று தங்கள் காலையும் நீட்டுவார்கள். வீடே சிரிக்கும். மாமனாரும் சிரித்துக்கொண்டே அவனை உள்ளே அனுப்புவார். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் ஒரு தடவை எட்டிப் பார்த்து, பின்னாலேயே இன்னொரு ஆள் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் கதவைச் சாத்துவார்.