மிதக்கக் கூடாத ஐஸ்

நான் பகலில் கனவு காண்கிறவள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இருந்த வெட்கம் மொத்தத்தையும் சில வருடங்களுக்கு முன் ஒரே காலையில் செலவழித்துவிட்டேன்.

அப்போது அம்பத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். வேப்பம்பட்டிலிருந்து தினமும் ரயில். என்ன ஆராய்ச்சி என்று எதிர் சீட்டுக்காரர் தெரியாமல் கேட்டுவிட்டால், ஆவடியிலேயே இறங்கிவிடுவார் (அவரிடம் சென்ட்ரலுக்கு டிக்கெட் இருக்கும்).

விஷயம் இதுதான். நல்ல குளிரிலும் அழுத்தத்திலும் தண்ணீர் மூலக்கூறுகள் கை கோத்துக்கொண்டு கூண்டு கட்டும். கரியமில வாயு அதற்குள் மாட்டிக்கொள்ளும். பார்வைக்கு ஐஸ்தான், ஆனால் ஐஸ் இல்லை. ஹைட்ரேட் என்று பெயர். ஆலைப் புகையை இப்படிக் குளிர்த் தண்ணீரில் விட்டால், கரியமில வாயு கூண்டுக்குள் போய்விடும், நைட்ரஜன் பெரும்பாலும் வெளியே நின்றுவிடும். பிடித்ததைச் சேமித்து வைக்கலாம். பிறகு உடைத்து உபயோகமான வேறொன்றாக மாற்றலாம்.

ஜன்னலோரம் உட்கார்ந்தால் எனக்கு எல்லாமே நடந்து முடிந்துவிடும். அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டின் புகைபோக்கிகளிலிருந்து புகைக்குப் பதிலாக வெள்ளைப் பாளங்கள் மெதுவாக இறங்கிவரும். லாரிகள் சத்தமே இல்லாமல் அவற்றை ஏற்றிப் போகும். மேலே வானம் துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி இருக்கும். இரண்டு முறை இறங்க மறந்து வில்லிவாக்கம் வரை போயிருக்கிறேன்.

கனவில் டன் கணக்கில் வந்தது, ஆய்வகத்தில் கடுகளவும் வரவில்லை. என் பேராசிரியை பொறுமைசாலி. அவரே ஒருநாள், "ஜெனி, இந்த மாசத்துக்குள்ள ஒண்ணும் வரலைன்னா தலைப்பை மாத்திடலாம்மா" என்றார்.

அழுத்தக் கலத்தைக் கடைந்து கொடுத்தவர் எஸ்டேட்டில் லேத் வைத்திருந்த வேலு அண்ணன். பக்கவாட்டில் கண்ணாடிச் சாளரம் வைத்த, கனமான எஃகு டப்பா.

"இன்னா மேடம், காத்த புட்ச்சி ஐஸ்ல அடைக்கப் போறியா? அடைச்சதும் சொல்லு, வந்து பாத்துகினு போறேன்" என்றிருந்தார்.

சாளரத்துக்கு முன் இரண்டு நாள் தவம் கிடந்தேன். இரண்டு டிகிரியில் ஒன்றும் நடக்கவில்லை. குளிர் போதவில்லை போலும் என்று பூஜ்ஜியத்துக்குக் கீழே ஐந்து இறக்கினேன். மூன்றாம் நாள் காலை அழுத்தமானியின் முள் லேசாகக் கீழே நழுவியிருந்தது. வாயு கூண்டுக்குள் போகிறது! சாளரத்தின் மூலையில் வெள்ளையாய் ஒன்று பூத்துப் பரவியது. அதன் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ, கன்னம் மரத்துப்போனது. அப்புறம் எல்லோருக்கும் போன் போட்டேன்.

ஆவடித் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, இஸ்திரி போட்ட சட்டையும் மைசூர்பாகுமாக வந்தார். வேலு அண்ணன் கையைத் துடைத்தபடியே வந்தார். பேராசிரியையும் வந்தார். மனிதகுலத்தின் மூச்சைப் பற்றி ஒரு சிற்றுரை ஆற்றினேன் (ரயிலில் ஒத்திகை பார்த்தது).

கலத்தைத் திறக்கும்போது 'புஸ்' என்று சத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேலு அண்ணனின் வேலை அத்தனை நேர்த்தி என்று நினைத்துக்கொண்டேன். ஒரு துண்டை எடுத்துத் தண்ணீர் டம்ளரில் போட்டேன். கரியமில வாயு ஹைட்ரேட் தண்ணீரை விடக் கனமானது. குமிழி விட்டபடி மூழ்க வேண்டும்.

அது மிதந்தது. குமிழியும் இல்லை. குளத்து வாத்து போல நிம்மதியாக ஒரு சுற்று வந்தது.

"மெதக்குது மேடம்! மெதக்குது!" என்று வேலு அண்ணன் பலமாகக் கைதட்டினார். அப்பாவும் சேர்ந்து தட்டினார். தட்டிக்கொண்டே, பழக்க தோஷத்தில் கரியமில வாயு சிலிண்டர் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா ஜெனி, கலத்துக்குப் போற இந்தச் சின்ன வால்வு மூடியே இருக்கே?"

நான் மூன்று நாளாகப் பக்தியோடு பார்த்தது சிலிண்டரின் மானியை. முள் இறங்கியது ஏசி போட்டு அறை குளிர்ந்ததால். கலத்துக்குள் வாயு துளிகூடப் போகவில்லை. பூஜ்ஜியத்துக்குக் கீழே தண்ணீர் என்னவாகும் என்பது பள்ளிக்கூடப் பாடம்.

"அப்ப இது..." என்றார் பேராசிரியை.

"ஐஸ், மேம்."

"ஐஸா?" என்றார் வேலு அண்ணன். "எங்க ஊட்டு ஃப்ரிட்ஜுலயே கீதே மேடம்! கேட்டிருந்தா குட்த்திருப்பேனே!"

பேராசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றே நினைத்தேன். அப்பா, "சரி, வாங்கியாச்சு" என்று ஆளுக்கொரு மைசூர்பாகைக் கையில் வைத்தார்.

திரும்பி வந்த பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு மாதம் கொடுத்தார். வால்வைத் திறந்து, வெப்பநிலையை மறுபடி இரண்டு டிகிரிக்கு ஏற்றி வைத்தேன். நாலாம் நாள் மத்தியானம் அது வந்தது. டம்ளரில் போட்டதும் மூழ்கியது. அடியிலிருந்து குமிழிகள் சரம் சரமாக ஏறின. இத்தனூண்டு பாளத்துக்குள் இவ்வளவு மூச்சா என்று, கடைசிக் குமிழி வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் கைதட்ட யாருமில்லை.

பட்டம் வாங்கினேன். அதெல்லாம் யாருக்கு நினைவிருக்கிறது? ஆவடியில் என் கல்யாண வரவேற்பில் ஐஸ் போட்ட எலுமிச்சை ஜூஸ் வந்தபோது, வேலு அண்ணன் டம்ளரை உயர்த்தி, "மெதக்குது மேடம்!" என்றார். அப்பா கைதட்டினார். என் கணவர் ஒன்றும் புரியாமல் தானும் தட்டினார். இப்போது எங்கள் வெள்ளானூர் வீட்டில் விருந்தாளி வந்தால் முதலில் டம்ளரைத் தூக்குவது அவர்தான்.

என் டம்ளரில் மட்டும் ஐஸ் கிடையாது.