ஐந்து கம்ப்யூட்டரும் ஒரு தேதி சாரும்

பெங்களூரில் நேரத்தைப் பற்றிப் பொய் சொல்லாத மனிதர் என்று நான் பார்த்தது ஒரே ஒருவரைத்தான். ஆட்டோக்காரர் ‘ஐது நிமிஷ’ என்றால் அரை மணி. தையற்கடையில் ‘நாளைக்கு’ என்றால் அடுத்த பண்டிகை. நானோ தினமும் பஸ்ஸின்மேல் பழியைப் போட்டுவிட்டுப் பத்து மணிக்கு உள்ளே நுழைகிறவன். இந்த லட்சணத்தில் இருந்த ஊரில், ஒரு மெஷின்கூடத் தேதியில் பொய் சொல்லக்கூடாது என்று வாழ்ந்தவர் எங்கள் தேதி சார். அவருக்கும் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். கூரியர்காரர்கூட ‘தேதி சார் இருக்காரா?’ என்றுதான் கேட்பார்.

தொண்ணூறுகளின் நடுவில், ஆஸ்டின் டவுனில் ஒரு டி.டி.பி. சென்டர். கல்யாணப் பத்திரிகை, சர்ச் நோட்டீஸ், கம்பெனிப் புத்தகங்கள். மொத்தம் ஐந்து கம்ப்யூட்டர். ஐந்துக்கும் உள்ளே கடிகாரத்துக்கான பேட்டரி செத்துப்போய் வெகுகாலம். ஸ்விட்சைப் போட்டால் ஒவ்வொன்றும் கண்ணைத் திறந்து, இன்று 1980 ஜனவரி ஒன்று என்று நம்பும். முதலாளியிடம் சொன்னால், “ஓடுதில்ல? அப்புறம் என்ன?” என்பார்.

அதனால் காலை ஒன்பது மணிக்குத் தேதி சார் ரேடியோச் செய்தியில் சரிபார்த்த கைக்கடிகாரத்தோடு ஒவ்வொரு மெஷினாகப் போய்த் தேதியும் நேரமும் அடிப்பார். பூசாரி விளக்கேற்றுகிற மாதிரி இருக்கும். கரென்ட் போய் வந்தால் மறுபடியும் ஐந்துக்கும். அதுவரை யாரும் கீபோர்டைத் தொடக்கூடாது. ஒருநாள் கரென்ட் வந்தபோது அவர் பாத்ரூமில் இருந்தார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: “எவனும் கை வைக்காதீங்கப்பா, வந்துட்டேன்.”

ஏன் சார் இவ்வளவு பாடு என்று கேட்டேன். “ஒரு ஃபைல் எப்பப் பொறந்ததுங்கறது பெரிசில்லப்பா. கடைசியா எப்ப மாறிச்சு? அதான் விஷயம். மனுஷனுக்கும் அதான்” என்றார்.

சர்ச் நோட்டீஸ் அடிக்க வருகிற ஆன்ட்டி ஒருவர், பழைய நோட்டீஸைத் திறந்து பார்த்துவிட்டு, போகிற போக்கில் ‘சேவ்’ பட்டனை அழுத்திவிட்டார். தேதி சார் முகம் சுருங்கிவிட்டது.

“ஒண்ணும் மாத்தலையே ஆன்ட்டி, எதுக்கு சேவ் பண்ணீங்க?”

“ஒரு நல்லதுக்குத்தான்பா.”

“சும்மா தூங்கிட்டிருந்ததை எழுப்பி விட்டுட்டீங்களே. இருங்க, போன வியாழக்கிழமை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்.”

எந்த ஃபைல் எப்போது மாறியது என்று குறித்து வைக்கிற தன் நோட்டைப் பார்த்து, மெஷினின் கடிகாரத்தைப் போன வியாழன் நாலு பன்னிரண்டுக்குத் திருப்பி, அந்த நிமிடத்தில் ஃபைலைச் சேவ் செய்து, மறுபடி இன்றைக்குத் திரும்பி வந்தார். ஆன்ட்டி அதுவரை நகராமல் நின்றார். எழுந்து போனால் வியாழக்கிழமையிலேயே மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது.

இதெல்லாம் கிறுக்குத்தனம் என்றுதான் நானும் சிரித்துக்கொண்டிருந்தேன், என் வேலைக்கே ஆபத்து வரும்வரை.

சாயங்காலம் எல்லா ஃபைல்களும் முதலாளியின் மெஷினுக்குப் போகும். ஒரே பெயரில் இரண்டு இருந்தால், எது கடைசியாக மாறியதோ அதைக் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளும். அங்கிருந்துதான் அச்சுக்கு. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எலெக்ட்ரானிக் சிட்டித் தொழிற்சாலை ஒன்றின் விதிமுறைப் புத்தகத்தில் நான் திருத்தம் போட வேண்டியிருந்தது. கரென்ட் போய் வந்தது. தேதி சார் இல்லை. லேட்டாக வந்த அவசரத்தில், அவருக்காகக் காத்திராமல் 1980இல் உட்கார்ந்தே முழுத் திருத்தத்தையும் போட்டுவிட்டேன். சாயங்காலம் கம்ப்யூட்டர் என் ஃபைலைப் பதினைந்து வருடப் பழசு என்று ஒதுக்கிவிட்டு, திருத்தாத முந்தின நாள் ஃபைலை வைத்துக்கொண்டது.

மதிய உணவு இடைவேளை மூன்று மணி நேரம் என்று புத்தகம் அச்சாகிப் போய்விட்டது. முப்பது நிமிடம் என்று இருக்க வேண்டும். தொழிலாளர்களுக்கு ஏக சந்தோஷம் என்று கேள்வி.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். “நீ கரெக்ஷனே போடல. நாளையிலேர்ந்து வராதே.”

எட்டு மாதம் அலைந்து கிடைத்த வேலை. போட்டேன் சார் என்று என் மெஷினில் காட்டினேன். “இது நான் கத்தினப்புறம் போட்டது” என்று சொல்லிவிட்டு ஃபோன் பேசப் போனார்.

தேதி சாரிடம் ஓடினேன். “சார், செவ்வாய்க்கிழமை வரைக்கும் போயிட்டு வந்துடுங்களேன். தேதி மட்டும் சரியா இருந்தா நம்பிடுவாரு.”

“எத்தனை மணிக்கு சேவ் பண்ணே?”

“பதினொண்ணு, பதினொண்ணரை இருக்கும் சார்.”

“இருக்கும்ங்கறது ஒரு நேரமா? தெரியாததை நான் எழுத மாட்டேன்ப்பா.”

போயிற்று என்று பையை எடுத்து வைத்தேன். அவர் என் மெஷினைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், நேரே முதலாளியிடம் போனார்.

“சார், இன்னிக்குப் போட்டிருந்தா இன்னிக்குத் தேதி இருக்கும். இதுல எண்பதுன்னு இருக்கு. நான் இருக்கற நாள்ல இந்த ஆபீஸ்ல எண்பது வராது. இந்த மாசம் நான் வெளியே போனது ஒரே ஒரு தடவை. செவ்வாய்க்கிழமை காலைல, வாட்ச் நின்னு போச்சுன்னு ரிப்பேர் கடைக்கு. பையன் வேலை செஞ்சிருக்கான். தப்பு என் வாட்ச்சோடது.”

முதலாளி ஃபோனை வைத்தார். “அப்ப நான் யாரைத் திட்டறது?”

“என்னைத் திட்டுங்க. இல்லேன்னா அஞ்சு பேட்டரி வாங்குங்க.”

திட்டவும் செய்தார், பேட்டரியும் வாங்கினார். மறுநாள் ஒன்பது மணிக்கு எந்த மெஷினும் 1980 என்று சொல்லவில்லை. தேதி சார் ஐந்தையும் சுற்றிச் சுற்றி வந்தார். செய்வதற்கு ஒன்றுமில்லை. கடைசியில் மூன்றாவது மெஷின் முன்னால் நின்று, “ஸ்வல்ப ஃபாஸ்ட்டா ஓடுது” என்றார். அப்போதுதான் அவர் முகத்தில் உயிர் வந்தது.

அடுத்த வருடம் எனக்குத் தொம்மலூரில் பெரிய ஆபீஸ் ஒன்றில் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. நற்சான்றுக் கடிதம் கேட்டார்கள். தேதி சாரே அடித்துக் கொடுத்தார். ‘ஒருநாளும் நேரம் தவறி வந்ததில்லை’ என்று அதில் ஒரு வரி.

“சார், நான் தினமும் லேட்டா வந்தவன்.”

“மேல தேதி கரெக்டா இருக்கில்ல? உள்ள இருக்கறதை நீ அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்றார், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

அந்தக் கடிதத்தின் ஃபைல் ஃப்ளாப்பியிலிருந்து சி.டி.க்கும், அங்கிருந்து இன்னும் எங்கெங்கோவும் என்னோடு வந்துவிட்டது. இன்றும் எப்போதாவது திறந்து அந்த வரியைப் படிப்பேன். மூடும்போது, சேமிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்கும். வேண்டாம் என்று அழுத்துவேன். அவர் எனக்காக ஒரு பொய் சொன்ன அந்த நாள், அந்த நிமிடம், அப்படியே இருக்கட்டும்.