நிறைமாறா வேந்தர் லிஃப்ட் ஏறு படலம்

வாழ்க நம் நாயகர்! கரும்பலகைப் போர்க்களத்தில் சுண்ணக்கட்டியே வேலாக ஏந்தி, எடை வேறு, நிறை வேறு என்று இருபத்திரண்டு ஆண்டுகள் இடிமுழக்கம் செய்து, கடைசி பெஞ்சின் உறக்கத்தையும் கலைத்த மாவீரர். தொண்ணூற்றாறு கிலோ தாங்கும் தடந்தாளர். கல்லூரியின் இயற்பியல் ஆசிரியர்!

காலை மணி எட்டு ஐம்பத்தெட்டு. ஏழாம் மாடியில் கைரேகை எந்திரம், ஒன்பது அடித்ததும் கதவடைக்கும் கோட்டையெனக் காத்திருந்தது. அந்த வாரம் ஏற்கெனவே இரண்டு நாள் தாமதம். மூன்றாவது என்றால் அரை நாள் விடுப்பு பலியாகும். எட்டுப் பேர் ஏறலாம் என்று எழுதியிருந்த லிஃப்ட்டில் ஏழு பேர் நின்றனர். குளத்தில் இறங்கும் களிறென எட்டாவதாகக் காலெடுத்து வைத்தார் நாயகர். பகைவர் முரசென வீறிட்டது எச்சரிக்கை மணி.

"சார், வெயிட் தாங்கல. கடைசியா ஏறினவங்க இறங்கணும்" என்றார் லிஃப்ட்காரர்.

இறங்குவதா! அண்டம் அதிர அறைகூவினார் நாயகர்: "குத்தம் என் மேல இல்லய்யா, பூமி மேல! அது இழுக்கிற இழுப்பு அப்படி. என் நிறை எங்க போனாலும் மாறாது, எடைதான் மாறும். செவ்வாயில நிறுத்தா முள்ளு முப்பத்தாறு காட்டும். நிலாவுல வெறும் பதினாறு! இதே லிஃப்ட்டை அங்க மாட்டினா நாப்பத்தெட்டு பேரை ஏத்தலாம்!"

"ஏத்தலாம் சார். ஆனா இது ஏழாவது மாடியோட நின்னுடும்."

மூலையிலிருந்து அம்பு தொடுத்தார் வேதியியல் ஆசிரியர், நாயகரின் மனைவிக்குத் தம்பி: "வியாழன் பக்கம் மட்டும் போயிடாதீங்க மாமா. அங்க இருநூத்து நாப்பது. அக்காவுக்கு நான் பதில் சொல்ல முடியாது."

சிரிப்பொலி சூழ, மானம் கனல, காலம் நழுவ, எந்த அறிவியல் நூலும் அறியாத ஓர் அருஞ்செயலைச் செய்யத் துணிந்தார் நாயகர்: விடைத்தாள்கள் பிதுங்கும் தோள்பையைக் கழற்றித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் காலில் நின்றார்.

மணி இன்னும் அலறியது.

"மாமா, பையைத் தூக்கிப் பிடிச்சா எடை குறையுமா? போன பரீட்சையில நீங்க கேட்ட கேள்விதானே! குறையும்னு எழுதினவங்களுக்கெல்லாம் முட்டை போட்டீங்களே!"

மேலைக்கடலில் கதிரவன் இறங்குவதுபோல, மெல்ல, செக்கச் சிவந்து, இறங்கினார் நாயகர். மணி அடங்கியது. கதவு மூடியது.

படியேறிப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது ஏழு; அரை நாள் லீவு போயிற்று.