மஞ்சள் கொடிக்குப் பத்து எண்ணிக்கை

வண்டிகள் பெருத்து வழிகள் சிறுத்துப்போன நாடு ஒன்று இருந்தது. அங்கே பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் குடவோலையிட்டு அரசரைத் தேர்ந்தெடுப்பார்கள். மற்ற நாட்களில் மக்களை அரசர் பார்த்துக்கொள்வார். அவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதுதான் இந்தக் கதை. இது நடந்தது ஒன்பதாம் ஆண்டில்.

அந்த நாட்டின் கீழைச் சந்தியில் கொடிக்கயிறு பிடித்தவள் பூவாயி. பச்சை ஏறினால் போகலாம், சிவப்பு ஏறினால் நிற்கவேண்டும், நடுவில் மஞ்சள். மஞ்சளை மனதுக்குள் பத்து எண்ணும் வரை பிடித்திருப்பாள். அது எந்தப் பண்டிதரும் ஓலையைப் புரட்டிக் கண்டுபிடித்ததல்ல. சரிவில் இறங்கும் பாரவண்டியை மாடுகள் தாங்கி நிறுத்த அவ்வளவு நேரம் ஆகும். மாட்டை ஒருநாள் ஓட்டிப் பார்த்தவருக்கும் இது தெரியும். அமைச்சர்கள் பல்லக்கில் போகிறவர்கள்.

சிவப்பை மதிக்காத முரடர்களும் இருந்தார்கள், இல்லையென்று சொல்வதற்கில்லை. அவர்களால் இரண்டு உயிர் போனதும் உயிர்காப்பு அமைச்சர் மாணிக்கநந்தி ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஒவ்வொரு கொடிக்கம்பத்திலும் ஒரு கிளி உட்காரும். சிவப்பில் கடக்கும் வண்டியின் எண்ணைக் கூவும். கீழே உட்கார்ந்திருக்கும் எழுத்தர் குறித்துக்கொள்வார், வீட்டுக்கு அபராத ஓலை போகும். கூவிய எண் ஒன்றுக்குக் கிளிக்கு ஒரு கோவைப்பழம்.

முதல் மாதம் முரடர்கள் அடங்கினார்கள். பூவாயிக்கே சந்தோஷம்தான். மூன்றாம் மாதம் யாருமே சிவப்பில் கடக்கவில்லை. கிளிகள் இளைத்தன, கருவூலமும் இளைத்தது. மாணிக்கநந்தி சபையில் எழுந்து நின்றார்.

“பிரபு, மக்கள் ஒழுங்காக நடக்கத் தொடங்கிவிட்டார்கள். இப்படியே போனால் நாம் அவர்களை எப்படிக் காப்பாற்றுவது?”

அரசர் கவலைப்பட்டார். மக்களின் விழிப்புணர்வைக் கூர்மையாக்கும் பொருட்டு மஞ்சள் கொடிக்கு இனி ஆறு எண்ணிக்கை என்று ஆணை வந்தது. பிறகு, மேலும் கூர்மையாக்கும் பொருட்டு, மூன்று. முறையிட வந்தவர்களுக்காகத் தனியாக ஒரு சட்டமும் போட்டார்கள்: கிளி சொல்வதே இறுதி. அதற்கு மேல் பேச்சில்லை.

மூன்று எண்ணுவதற்குள் எந்த மாடு நிற்கும்? நிற்காதவர்களுக்கு ஓலை போனது. பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்தியவர்களைப் பின்னால் வந்த வண்டி இடித்தது. கிளிகள் தின்று கொழுத்துப் பறக்க மறந்தன. உயிர்காப்புத் துறைக்கு ஏழு நிலை மாளிகை எழும்பியது.

ஒரு காலை எண்ணெய் வண்டிக்காரன் சொக்கப்பன் சரிவில் இறங்கும்போது மஞ்சள் ஏறியது. மாட்டுக் கயிற்றை இழுத்துப் பிடித்து நின்றுவிட்டான். அதற்குள் சிவப்பு ஏறிவிட்டது; பின்னால் வந்த செங்கல் வண்டி அவனை நிறுத்தக் கோட்டுக்கு அப்பால் தள்ளியது. அவன் இடுப்பு முறிந்தது, ஒரு மாடு அங்கேயே செத்தது. கம்பத்தின் மேலிருந்த கிளி அவன் வண்டி எண்ணைத் தெளிவாகக் கூவியது.

பூவாயி ஓடிப்போய் அவன் தலையை மடியில் தாங்கினாள்.

“ஏக்கா,” என்றான் அவன், “நீ பத்து எண்ணுவியே. என்ன ஆச்சு?”

அன்று முழுவதும் பூவாயிக்குச் சோறு இறங்கவில்லை. அமைச்சர் மீது கோபம் இருந்தது, ஆனால் கயிறு பிடித்தது தன் கை என்ற வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் மஞ்சளை ஏற்றிவிட்டு அவள் பத்து எண்ணினாள். வண்டிக்காரர்களுக்குத் தெரியட்டும் என்று வாய்விட்டு எண்ணினாள். அமைச்சருக்குத் தெரிந்தால் வேலை போகும், சிறையும் கிடைக்கலாம். இருந்தாலும் எண்ணினாள். இரண்டே நாளில் வண்டிக்காரர்களும் கூடச் சேர்ந்து எண்ணினார்கள். கூவ எண் கிடைக்காத கிளி பட்டினி கிடந்தது. பாவம் பார்த்து யாரோ ஒரு கோவைப்பழம் நீட்டினார்கள். ஐந்தாம் நாள் கிளியும் எண்ணத் தொடங்கியது.

மாதம் முடிந்ததும் மாணிக்கநந்தி நேரில் வந்து இறங்கினார்.

“இந்தச் சந்தியில் ஒரு மாதமாக ஒரு குற்றம்கூட இல்லை. இந்த அநியாயம் எப்படி நடந்தது?”

“யாருக்கும் அடிபடலிங்க ஐயா,” என்றாள் பூவாயி.

“அடிபட்டதைப் பற்றி நான் கேட்கவில்லை. மஞ்சளுக்கு எத்தனை எண்ணுகிறாய்?”

“கிளி எத்தனை எண்ணுதோ அத்தனை.”

அமைச்சர் மேலே பார்த்தார். கிளி நிதானமாக ஒன்றிலிருந்து பத்து வரை சொல்லி முடித்தது.

“கிளி சொல்றதுதான் கடைசி, அதுக்கு மேல பேச்சில்லன்னு சட்டம் போட்டது நீங்கதானுங்களே,” என்றாள் பூவாயி. “அது பத்துங்குது. நான் கயிறு பிடிக்கிறவ. சட்டத்தை மீற எனக்கு ஏது அதிகாரம்?”

சுற்றிலும் வண்டிக்காரர்கள் கூடியிருந்தார்கள். எழுத்தர் தலை குனிந்து, அமைச்சர் பார்க்காதபடி சிரித்தார். மாணிக்கநந்தி சட்டத்தை ஆராய ஒரு குழு அமைப்பதாக அறிவித்துவிட்டுப் பல்லக்கில் ஏறினார். குழு ஆராய்ந்துகொண்டே இருந்தது. அதற்குள் இளைத்துப் பறக்கப் பழகியிருந்த கீழைச் சந்திக் கிளி ஒவ்வொரு சந்திக்கும் போய் வந்தது. நாடெங்கும் கிளிகள் பத்து வரை எண்ணின.

பத்தாம் ஆண்டு பிறந்தது. குடவோலை நாளன்று, வாக்குக் கேட்க நேரம் போதாமல், அரசரின் தேர் கீழைச் சரிவில் வேகமாக இறங்கியது. மஞ்சள் ஏறியிருந்தது.

“விரட்டு, கடந்துவிடலாம்,” என்றார் உள்ளே இருந்த மாணிக்கநந்தி.

பூவாயியின் கை கயிற்றில் இருந்தது. மூன்றிலேயே சிவப்பை ஏற்றிவிட்டால் இன்று அரசரே குற்றவாளி. ஊன்றுகோலோடு நின்ற சொக்கப்பனை அவள் பார்த்தாள். ஆசையாகத்தான் இருந்தது.

“யாரா இருந்தாலும் பத்துதான்,” என்றாள்.

கிளி எண்ணியது. ஓரத்தில் வாக்கு ஓலையும் கையுமாகக் காத்திருந்த சனமும் எண்ணியது. நான்கு. ஐந்து. ஆறு.

“எதற்கு எண்ணுகிறார்கள்?” என்று கேட்டார் அரசர். மாணிக்கநந்தி தேரின் திரையை இழுத்து மூடினார்.

ஏழில் தேரோட்டி தானாகவே கடிவாளத்தை இழுத்தான். தேர் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றது. சிவப்பு ஏறியது. குறுக்குப் பாதையில் பச்சை ஏற, ஓலைகளைப் பிடித்தபடி மக்கள் குடத்தை நோக்கி அரசரின் முன்னால் கடந்து போகத் தொடங்கினார்கள். வரிசை மிக நீளமாக இருந்தது.